பாலை மரத்தடியில் ஒன்றுமில்லை

786
பாலையடிக் கிளப்
6.2.1955

அன்புள்ள ஸுல்பிகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

அல்லாஹ்வின் காவலில் நான் சுகமாக வந்து சேர்ந்தேன். நீயும் மாமியும் ஹமீட் மச்சானும் சுகமாக இருக்கிறீர்கள் என்று இரண்டு வரி வந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

சம்மாந்துறையிலிருந்து சிமெந்து லொறியில் ஏறி வந்தேன். இறங்கும்போது தலைமுடி வெள்ளையாகி நான் என் வாப்பாவைப் போல இருந்தேனாம். கிளப்பில் சமைக்கிற கோக்கி முத்தலிப் காக்கா சொல்லிச் சொல்லிச் சிரித்தார். வந்த அன்றே வருஷாந்தக் கூட்டம். பழைய பிரசிடென்ட் துரை தோற்றுப்போனார். புதியவருக்கு அவர் கைகொடுத்ததைப் பார்த்திருக்க வேண்டும், நண்டைப் பிடிப்பது போல இரண்டு விரலால் பிடித்தார். கொமிட்டியில் இப்போது ஏழு பேர். ஏழு பேரும் ஏழு விதமாகக் கதைப்பார்கள், அதையெல்லாம் ஒரே விதமாக எழுதுவது என் வேலை. இனி டை கட்டாமல் சாப்பாட்டு மண்டபத்துக்குள் போக முடியாது. நாய்கள் விறாந்தை வரைக்கும் வரலாம். ரெனிஸ் விளையாடும் இடத்துக்குப் புதுச் செம்மண். பங்களாக்களுக்குச் சுடுதண்ணி. எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு நீச்சல் தடாகம் கட்டப்போகிறார்களாம். இடம் பிறகு தீர்மானிப்பார்கள்.

இதையெல்லாம் நான் டைப் அடித்து, ரோணியோ மெசினில் சுற்றிப் பிரதி எடுத்து, அங்கத்தவர் எல்லாருக்கும் அனுப்ப வேண்டும். மை ஊறிக் கெட்டுப்போகிற தாள்களை எறிய மனம் வராமல் அதன் பின்பக்கத்தில்தான் உனக்கு எழுதுகிறேன். மறுபக்கத்து இங்கிலீசைப் பார்த்துப் பயப்படாதே. துரைமார் சோறு தின்கிற நேரத்தைத் தவிர அதில் ஒன்றும் இராது.

மாமிக்கு என் சலாம்.

உன் மச்சான்
அபுல் ஹஸன்

786
சாய்ந்தமருது
20.2.1955

மரியாதைக்குரிய மச்சானுக்கு ஸுல்பிகா எழுதுவது. வஅலைக்குமுஸ்ஸலாம்.

நாங்கள் எல்லாரும் நலம். உம்மாவுக்கு முழங்கால் நோவு மட்டும் போகவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்று ஹமீட் காக்கா கடலுக்குப் போகாமல் நின்றார், நான் வாசிக்க வாசிக்கக் கேட்டுவிட்டு, “நாய்க்கு விறாந்தை, மச்சானுக்கு எங்க இடம்?” என்று கேட்டார். கோபிக்க வேண்டாம்.

ஒரு விஷயம். எழுதக் கூச்சமாக இருக்கிறது. நீங்கள் போன பிறகு எனக்குத் தலை நிமிர்த்த முடியவில்லை. மருத்துவிச்சி சல்மா உம்மா கையைப் பிடித்துப் பார்த்துவிட்டு, “ஓம் புள்ள, அல்லாஹ் கண் தொறந்திட்டான்” என்றா. புரட்டாசியில் பிள்ளை கிடைக்குமாம்.

சந்தோஷம்தான் மச்சான். ஆனால் அதைக் கேட்ட உடனே எனக்கு சுஹறாவின் நினைவுதான் வந்தது. மகள் மௌத்தாகி இரண்டு வருஷம் கழிந்துவிட்டது. பிள்ளைக்குப் பதினொரு மாதம், சுவரைப் பிடித்து எழும்பி நிற்கத் தொடங்கின நேரம். நாங்கள் கிளப் லயத்து அறையில் இருந்த அந்த மார்கழி மழையில் மாவடிப்பள்ளிப் பாலம் மூடிக் கிடந்திராவிட்டால் ஆஸ்பத்திரிக்காவது கொண்டுவந்திருப்போம், இல்லாவிட்டால் எங்கள் மையவாடியிலாவது அடக்கியிருப்போம். நான் அவளைக் கழுவிக் கபன் துணி சுற்றி உங்கள் கையில் தந்தேன். லயத்து வாசல் வரைக்கும்தான் என் கண் போனது. பெண்கள் அடக்கத்துக்குப் போகக் கூடாது என்றபடியால் என் பிள்ளை கிடக்கிற இடத்தை நான் இன்றைக்கு வரைக்கும் கண்டதில்லை. பிறகு உங்கள் கொமிட்டி குடும்பங்களை லயத்தில் வைத்திருக்கக் கூடாது என்று சட்டம் போட்டு என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

பாலை மரத்தடி என்று சொன்னீர்கள். எப்படி இருக்கிறது அந்த இடம்? தலைமாட்டிலும் கால்மாட்டிலும் நட்ட கட்டை இரண்டும் நிற்கிறதா? எல்லாவற்றையும் விபரமாக எழுதுங்கள். பிள்ளை கிடைக்க முன்னம் நான் ஒரு தரம் வந்து யாஸீன் ஓத வேண்டும். கூட்டிப் போவீர்கள்தானே.

வஸ்ஸலாம்.
ஸுல்பிகா

786
பாலையடிக் கிளப்
13.3.1955

என் கண்ணான ஸுல்பிகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

சுகம், சுகம், ஆயிரம் தரம் சுகம். உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். முத்தலிப் காக்காவிடம் சொன்னதும் மனிசன் துரைமாருக்கு வைத்திருந்த வட்டிலப்பத்தில் எனக்கு ஒரு பெரிய துண்டை வெட்டித் தந்துவிட்டார். பாரம் தூக்காதே. கிணற்றடிக்குத் தனியே போகாதே. மாமி சொல்வதைக் கேள்.

இடத்தைப் பற்றிக் கேட்டாய். பாலை மரத்திலிருந்து குளத்துப் பக்கமாக எட்டு எட்டு வைத்தால் சரியாக அவளுடைய தலைமாடு. தலை வடக்கே, முகம் கிப்லாவுக்கு. முதிரைக் கட்டை இரண்டும் முழ உயரம்தான், சுற்றிப் பற்றை நிற்பதால் யார் கண்ணிலும் படாது. கிளப் காணிக்குள் அடக்கம் செய்யக் கூடாது என்று சட்டம் இருப்பது உனக்குத் தெரியும். அன்றைக்கு நானும் முத்தலிப் காக்காவும் தொழுவித்து, வீரமுனை செல்லத்தம்பி ஓவசியர் குழி வெட்டித் தந்து, அசர் தொழுகைக்குப் பிறகு சத்தமில்லாமல் முடித்த காரியம் இது. மூன்று பேரைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது. தலைமாட்டில் ஒரு மருதோன்றிக் கன்று வைத்தேன் என்று உன்னிடம் சொன்னேனா? பெண் பிள்ளை என்பதால் வைத்தேன். இப்போது என் இடுப்பளவு நிற்கிறது. வெள்ளிக்கிழமைகளில் போய்க் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு வருவேன்.

நீ வருவதைப் பற்றிப் பிறகு பார்ப்போம். லொறியில் இந்த உடம்போடு வருகிற பாதை இது இல்லை.

தடாகத்துக்கு இடம் பார்க்கிறார்கள். குளக்கட்டுப் பக்கம் என்று மூன்று பேர், வேறு பக்கம் என்று மூன்று பேர். பிரசிடென்ட் துரை இன்னும் வாய் திறக்கவில்லை. அவர் வாய் திறக்காத கூட்டத்துக்கும் நான் நாலு பக்கம் எழுத வேண்டியிருக்கிறது.

அல்லாஹ் உன்னையும் உள்ளே இருப்பதையும் காப்பாற்றட்டும்.

உன் மச்சான்
அபுல் ஹஸன்

786
சாய்ந்தமருது
10.4.1955

மச்சானுக்கு சலாம். உங்கள் சுகத்துக்கு எந்த நாளும் துஆ கேட்கிறேன். என் சத்தி நின்றுவிட்டது, இப்போது புளி மாங்காயைக் கண்டால் விடமாட்டேன்.

நீங்கள் எழுதிய எட்டு எட்டையும் நான் எங்கள் வளவுக்குள் நடந்து பார்த்தேன். தென்னையைப் பாலை மரம் என்று வைத்துக்கொண்டு எண்ணி எண்ணி நடந்தேன். உங்கள் எட்டுக்கு என் எட்டுப் பத்து வரும் என்று பத்து வைத்தேன். அந்த இடத்தில் கோழிக் கூடு இருக்கிறது. அதன் பக்கத்தில் நின்றுகொண்டே யாஸீன் ஓதினேன். உம்மா கண்டுவிட்டுக் கோழிகளை அந்தப் பக்கம் வர விடாமல் விரட்டினா.

குளம் அவ்வளவு பெரிதாகப் பக்கத்தில் கிடக்க, குளிப்பதற்கு இன்னொரு குளம் கட்டுகிற துரைமாரை நினைத்து எங்கள் ஒழுங்கையே சிரிக்கிறது. காக்கா சொல்கிறார், கடலுக்கும் மேலே ஒரு கூரை போடச் சொல்லிக் கேட்கட்டுமாம். அது சரி, வேறு பக்கம் என்று எழுதினீர்களே, அது எந்தப் பக்கம்?

நோன்புப் பெருநாள் வருகிறது. எனக்கு உடுப்பு வேண்டாம், காப்பு வேண்டாம். அவளுடைய தலைமாட்டு மருதோன்றியில் ஒரு கை இலை பிடுங்கிக் கடிதத்துக்குள் வைத்து அனுப்புங்கள். அரைத்துப் பூசுவேன். அவளைத் தொட்ட மாதிரி இருக்கும்.

நான் வருவதைப் பற்றி முடிவாக எழுதுங்கள்.

வஸ்ஸலாம்.
ஸுல்பிகா

786
பாலையடிக் கிளப்
15.5.1955

அன்புள்ள ஸுல்பிகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகத்தையும் மாமியின் சுகத்தையும் அறிய ஆவல். நான் சுகம், நோன்பு ஒன்றும் தவறவில்லை.

பதில் சுணங்கியதற்குக் கோபிக்காதே. ஒரு மாதமாகத் தலை தூக்க நேரமில்லை. புது மின்சார இஞ்சின் வந்திருக்கிறது. அதைப் பார்க்க ஒரு ஆள், அந்த ஆளைப் பார்க்க இன்னொரு ஆள். ரெனிஸ் விளையாடுகிற துரைமார் வீட்டு நோனாமாருக்கு எலுமிச்சைத் தண்ணி எத்தனை மணிக்கு என்று ஒரு மணி நேரம் கூட்டம் நடந்தது. நூலகத்துக்குக் கண்ணாடி அலுமாரி. புதிய அங்கத்தவர் நாலு பேர். பில்லியட் மேசையில் சாராயக் கிளாஸ் வைத்தவருக்கு எச்சரிக்கைக் கடிதம், அதுவும் நான்தான் அடித்தேன்.

தடாகத்தைப் பற்றிக் கேட்டிருந்தாய். அது கொமிட்டி விஷயம், ஒருவாறு தீர்த்துவிட்டார்கள். வேலை நடக்கிறது.

நீ கேட்ட இலை உள்ளே இருக்கிறது. நிழலில் உலர்த்தி வைத்தேன். மருதோன்றி நன்றாகத் தழைத்து நிற்கிறது, கவலைப்படாதே.

பிள்ளையும் கிடைத்து, வருகிற மாரி மழையும் முடிந்து, நீயும் தேறிய பிறகு வருவதைப் பற்றி யோசிப்போம். இப்போது வேண்டாம். பெருநாளைக்கு எனக்கு லீவு இல்லை. துரைமார் அன்றைக்கு விருந்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் எல்லாருக்கும் பெருநாள் சலாம்.

அபுல் ஹஸன்

786
சாய்ந்தமருது
12.6.1955

மச்சானுக்கு வஅலைக்குமுஸ்ஸலாம். நாங்கள் சுகம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

இலை கிடைத்தது. பெருநாள் இரவு வைத்தேன். நன்றாகச் சிவந்தது.

றுகையா ரீச்சரை உங்களுக்கு நினைவிருக்கும், காக்காவின் கூட்டாளியின் தங்கச்சி, கொழும்பில் படிப்பிக்கிறவ. பெருநாளைக்கு வந்து எங்கள் வீட்டில் ஒரு பொழுது இருந்தா. நிறையக் கதைத்தோம்.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். உங்கள் கிளப்பில் கிளாக்கர் நீங்கள் ஒருவர்தானா? வேறு ஆரும் இருக்கிறார்களா? எனக்கு இதற்கு மட்டும் பதில் எழுதினால் போதும்.

ஸுல்பிகா

786
பாலையடிக் கிளப்
31.7.1955

அன்புள்ள ஸுல்பிகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஹஜ்ஜுப் பெருநாள் வாழ்த்து. உன் கடிதம் இவ்வளவு சின்னதாக வந்தபடியால் உடம்புக்கு ஏதோ என்று பயந்துபோனேன். சல்மா உம்மா ஒழுங்காக வந்து பார்க்கிறாவா? எழுது.

நல்ல கேள்வி கேட்டாய். கிளப் தொடங்கிய நாளிலிருந்து கிளாக்கர் நான் ஒருவன்தான். கொமிட்டி நாலு தரம் மாறிவிட்டது, செக்கிரட்டரி மூன்று தரம் மாறிவிட்டார், மாறாதவன் நான்தான். எதுவென்றாலும் என்னைத்தான் கேட்பார்கள். உன் புருஷன் சும்மா ஆள் இல்லை, தெரிந்துகொள்.

போன சனிக்கிழமைக்கு முந்தின சனிக்கிழமை தடாகத்தைத் திறந்தார்கள். பேண்டு வாத்தியம் வந்தது. கடதாசிப் பூ கட்டினார்கள். ஒரு பக்கம் ஒன்பது அடி ஆழம், பெரியவர்கள் பலகையில் ஏறிக் குதிப்பார்கள். மறுபக்கம் இரண்டரை அடிதான், சின்னப் பிள்ளைகள் இறங்க. உள்ளே முழுக்க நீல நிறம் பூசியிருக்கிறது. முதலில் பிரசிடென்ட் துரை குதித்தார், அரைவாசித் தண்ணி வெளியே வந்துவிட்டது. முத்தலிப் காக்கா இருநூறு பேருக்குச் சமைத்தார்.

இங்கே வேறு விசேஷம் இல்லை. எல்லாம் அப்படியப்படியே இருக்கிறது. உன் உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் மச்சான்
அபுல் ஹஸன்

786
சாய்ந்தமருது
9.10.1955

மச்சான் அபுல் ஹஸனுக்கு ஹமீட் எழுதுவது. சலாம். எல்லாரும் சுகம்.

ஹஜ்ஜுப் பெருநாள் கடிதத்துக்குப் பிறகு நீங்கள் போட்ட மூன்று கடிதமும் வந்தன. பதில் போடாதது தபாலின் பிழை இல்லை. அவை மூன்றும் பிரிக்காமல் அலுமாரிக்கு மேலே இருக்கின்றன. அவளைக் கேட்டால், “எனக்கு ஒரு பக்கத்து எழுத்து வாணாம் காக்கா” என்கிறாள். எனக்கு அது விளங்கவில்லை.

போன மாதம் இருபத்தேழாம் தேதி விடிய, சுபஹோடு பெண் பிள்ளை கிடைத்தது. தாயும் பிள்ளையும் சுகம். ஏழாம் நாள் முடி இறக்கிப் பெயர் வைத்தோம். ஜுனைதா. பெயர் வைக்க வாப்பாக்காரன் வர வேணும், தந்தி அடிப்போம் என்று உம்மா சொன்னா. ஸுல்பிகா கையெடுத்துக் கும்பிடாத குறையாக வேண்டாம் என்றாள். பிள்ளையின் காதில் பாங்கு சொன்னது நான்தான். சொல்லும்போது எனக்கு உங்கள் நினைவுதான் வந்தது.

உங்களுக்குள் என்ன என்று நான் கேட்கவில்லை. அவள் எந்த நாளும் கோழிக் கூட்டடியில் போய் நிற்கிறாள். இந்தக் கடிதம் நான் போடுவது அவளுக்குத் தெரியாது.

ஹமீட்

786
சாய்ந்தமருது
23.10.1955

மச்சானுக்கு சலாம்.

காக்கா எழுதிவிட்டதாக இன்றைக்குச் சொன்னார். இனி நான் எழுதாமல் இருப்பது சரியில்லை. பிள்ளை சுகமாக இருக்கிறாள். உங்களுடைய நெற்றி.

பெருநாள் அன்று றுகையா ரீச்சர் வந்தபோது நான் உங்கள் கடிதத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு கையில் மருதோன்றி காட்டிக்கொண்டிருந்தேன். ரீச்சர் தாளை எடுத்துத் திருப்பிப் பார்த்தா. “இதில உங்கட ஆளப் பத்தியும் இரிக்கி, வாசிக்கட்டா?” என்றா. எனக்குப் பெருமையாக இருந்தது. வாசிக்கச் சொன்னேன். அவ தமிழில் சொன்னதை நான் மறக்கவில்லை, மறக்கப் போவதும் இல்லை.

ஏப்ரல் இருபத்திநாலாம் தேதிக் கூட்டம். நீச்சல் தடாகத்துக்கு இரண்டு இடங்கள் பார்க்கப்பட்டன, குளக்கட்டுப் பக்கம், பாலை மரத்தடி. ஆரம்பம் முதல் இங்கே வேலை செய்யும் கிளாக்கரிடம் பிரசிடென்ட் விசாரித்தார். பாலை மரத்தடியில் ஒன்றுமில்லை என்று கிளாக்கர் சொன்னார். பிரசிடென்டின் வாக்கோடு, நாலுக்கு மூன்றாகப் பாலை மரத்தடி தெரிவு செய்யப்பட்டது.

ரீச்சருக்கு ஒன்றும் தெரியாது. “உங்கட ஆள்ட பேச்சக் கேட்டுத்தான் துரைமார் முடிவெடுத்திரிக்காங்க. பெரிய ஆள்தான்” என்று சிரித்தா. நானும் சிரித்தேன். வயிற்றில் பிள்ளை, அழக்கூடப் பயம்.

தாளைத் திருப்பினால் உங்கள் எழுத்து. மருதோன்றி நன்றாகத் தழைத்து நிற்கிறது.

பிறகும் எனக்கு மனம் கேட்கவில்லை. வேறு கிளாக்கர் இருக்கக்கூடும் என்று நினைத்தேன். அதனால்தான் கேட்டு எழுதினேன். மாறாதவன் நான்தான் என்று பதில் வந்தது. அந்த ஏழு வாரமும் நீங்கள் ஒரு வரி உண்மை எழுதுவீர்கள் என்று ஒவ்வொரு நாளும் படலையைப் பார்த்துக்கொண்டிருந்தேன் மச்சான். உண்மை வந்திருந்தால் அழுதிருப்பேன், உங்களோடு சண்டை பிடித்திருப்பேன், பிறகு இரண்டு பேருமாக அழுதிருப்போம். என்னைத் தனியே அழ விட்டுவிட்டீர்கள்.

அந்த இலை எங்கே பிடுங்கியது என்று நான் கேட்க மாட்டேன். என் கை சிவந்தது, அவ்வளவுதான்.

ஒன்றே ஒன்றை மட்டும் சொல்லுங்கள். ஒரு பக்கம் ஒன்பது அடி, மறுபக்கம் இரண்டரை அடி என்று எழுதியிருந்தீர்கள். என் பிள்ளை எந்தப் பக்கம்?

ஸுல்பிகா

786
பாலையடிக் கிளப்
20.11.1955

ஸுல்பிகாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இந்தத் தாள் கடையில் வாங்கியது. மறுபக்கம் வெறுமையாக இருக்கிறது.

ஆழமில்லாத பக்கம். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன். அவள் கிடக்கிற ஆழத்துக்கு ஒரு மண்வெட்டியும் போகவில்லை. துரைமார் கீறிய படத்தில் அந்தப் பக்கம்தான் ஒன்பது அடி. செல்லத்தம்பி என்னிடம் வந்து, “கிளாக்கர் ஐயா, நான் வெட்டின குழிய நான் தோண்ட மாட்டன்” என்றார். இரண்டு பேருமாகப் போய், கீழே கல் கிடக்கிறது, இந்தப் பக்கம் ஆழம் போக முடியாது என்று இஞ்சினியரிடம் பொய் சொன்னோம். படத்தைத் திருப்பிக் கீறினார்கள். மேல் மண்ணைச் செதுக்கிவிட்டுச் சிமெந்து போட்டார்கள். போட்டு முடியும் வரைக்கும் மூன்று நாள் நான் வெயிலில் நின்றேன். கிளாக்கருக்குத் தடாகத்தில் அவ்வளவு ஆசை என்று துரைமார் சிரித்தார்கள்.

அந்தக் கூட்டத்துக்கு முந்தின நாள் துரைமார் இடம் பார்க்க வந்தார்கள். அவர்கள் வர முன்னமே நான் போய்ப் பற்றைக்குள் இருந்த கட்டை இரண்டையும் பிடுங்கி எடுத்துவிட்டேன். இப்போதும் என் பெட்டிக்குள் இருக்கின்றன. மருதோன்றியை வேலையாட்கள் வெட்டிவிட்டார்கள். உனக்கு அனுப்பிய இலை கிளப் வேலியில் பிடுங்கியது.

பிரசிடென்ட் துரை என்னைக் கேட்டபோது ஒரு கணம்தான். சட்டத்தை மீறி அடக்கியது தெரிந்தால் செல்லத்தம்பிக்கு வேலை போகும், முத்தலிப் காக்காவுக்கு வேலை போகும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். என் நாற்காலி போகும் என்று பயந்தேன். ஒன்றுமில்லை சேர் என்றேன். பிறகு அதை நானே டைப் அடித்தேன். கெட்டுப்போன தாள் எத்தனையோ கிடந்தது. உனக்கு எழுத அந்தத் தாளை ஏன் எடுத்தேன் என்று எனக்கே தெரியாது.

உன் கடிதம் வந்த மறுநாள் செக்கிரட்டரி துரையிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் அந்தக் கூட்டக் குறிப்பை எடுத்து வாசித்தார். பிறகு, “அபுல் ஹஸன், அன்றைக்கு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் குளக்கட்டுப் பக்கம் போயிருப்போமே. பிரசிடென்டுக்கு இரண்டு இடமும் ஒன்றுதான். உன்னை ஆர் வேலையிலிருந்து நிற்பாட்டப் போகிறார்கள்?” என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். அதைக் கேட்டுவிட்டு வந்து இருந்தவன் இன்னும் எழும்பவில்லை, ஸுல்பிகா.

இனி அதை உடைக்க மாட்டார்கள். ஆனால் ஒவ்வொரு மாதமும் முதல் திங்கட்கிழமை தண்ணியை இறைத்துக் கழுவுவார்கள். அன்றைக்கு அங்கத்தவர் ஒருவரும் வருவதில்லை. நீ வந்து இறங்கி நிற்கலாம், ஓதலாம், மாலை வரைக்கும் தண்ணி விட வேண்டாம் என்று செக்கிரட்டரி துரை எழுதித் தந்திருக்கிறார். டிசம்பர் ஐந்தாம் தேதி திங்கட்கிழமை. உனக்கு நாற்பதும் கழிந்துவிட்டது. செல்லத்தம்பி ஒரு காரியமாகக் கல்முனைக்கு வருகிறார், அவர் உன்னையும் ஹமீட் மச்சானையும் கூட்டி வருவார்.

சனிக்கிழமைகளில் அந்தப் பக்கத்தில்தான் சின்னப் பிள்ளைகள் விளையாடுகிறார்கள். விளிம்பைப் பிடித்து எழும்பி நிற்கப் பழகுகிற வயதுப் பிள்ளைகளும் உண்டு. சிரிக்கிற சத்தம் கந்தோரில் என் மேசை வரைக்கும் கேட்கும். நான் யன்னலைச் சாத்துவதில்லை.

ஜுனைதாவுக்கு என் சலாமைச் சொல். அதற்கு எனக்கு உரிமை இருந்தால்.

அபுல் ஹஸன்

786
மாவடிப்பள்ளி
4.12.1955

மச்சானுக்கு சலாம். நாங்கள் சுகம்.

இதைப் பாலத்தடியில் ஒரு கடைக்குள் இருந்து எழுதுகிறேன். காலையிலே காக்காவும் செல்லத்தம்பி அண்ணனும் நானும் பிள்ளையோடு வெளிக்கிட்டோம். இங்கே வந்தால் பாலம் தெரியவில்லை. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் தண்ணி. ஒரு தோணி போகிறது, ஆனால் கைப்பிள்ளையோடு ஏற்ற மாட்டேன் என்று தோணிக்காரர் சொல்லிவிட்டார். கெஞ்சிப் பார்த்தேன். “ஒங்கட புள்ளைக்கு ஒண்டு நடந்தா ஆரு புள்ள பதில் சொல்றது?” என்றார். அதற்குப் பிறகு நான் கேட்கவில்லை.

மூன்று வருஷத்துக்கு முன்னம் அவளை இந்தப் பக்கம் வர விடாத தண்ணி, இன்றைக்கு என்னை அந்தப் பக்கம் போக விடவில்லை. யாரைக் கோபிப்பது. செல்லத்தம்பி அண்ணன் மட்டும் கடக்கிறார். இந்தக் கடிதம் நாளை விடிய முன்னம் உங்கள் கையில் இருக்கும் என்றார்.

வேலையை விட்டுவிட்டு வாருங்கள் என்றோ, வராதீர்கள் என்றோ நான் எழுதவில்லை. வந்தால் படலை திறந்துதான் இருக்கும். உங்கள் பிள்ளை உங்கள் மடியில் இருப்பாள். நான் கதைக்க எத்தனை நாள் செல்லும் என்று எனக்குத் தெரியாது.

நாளைக்குத் தண்ணியை இறைத்த பிறகு நீங்கள் போங்கள். பெட்டிக்குள் இருக்கிற கட்டை இரண்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். மரத்திலிருந்து எட்டு எட்டு எண்ணி, ஒன்றைத் தலைமாட்டிலும் ஒன்றைக் கால்மாட்டிலும் வையுங்கள். சிமெந்தில் நடத்தான் முடியாது, படுக்க வைத்தாலும் போதும். தண்ணி விடும் வரைக்கும் அவை அங்கே இருக்கட்டும். எனக்காக யாஸீனை நீங்களே ஓதுங்கள்.

ஓதி முடிந்த பிறகு அவளுடைய பெயரைச் சொல்லிக் கூப்பிடுங்கள். ஒன்றுமில்லை என்று சொன்ன அதே வாயால், மூன்று தரம், சுஹறா என்று கூப்பிடுங்கள். மெதுவாக வேண்டாம். பங்களாக்களுக்கும் கேட்கட்டும்.

ஸுல்பிகா